எரிமலைச் சாலையில் அத்தானைத் துரத்திய மூன்று நாள்

பினாங்குச் சந்தையில் நாம் பேரம் பேசி வாங்கும் முட்டைகோசும் உருளைக்கிழங்கும் எங்கே விளைகின்றன என்று கேட்டால், கடலுக்கு அப்பால், டச்சுக்காரர் தீவிலுள்ள மேடானிலிருந்து வருகின்றன என்பார்கள். மேடானில் கோசு விளையாது. நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மேடானுக்கு மேலே, மேகம் தரையில் படுத்துக் கிடக்கும் ஒரு மேட்டுநிலத்தில் விளைகிறது. அங்கே இரண்டு எரிமலைகள் இருக்கின்றன. ஒன்று தூங்குகிறது, மற்றது இன்னும் புகைகிறது. அந்த மலைகளைச் சுற்றிய சாலைகளில் மூன்று நாள் சைக்கிள் ஓட்டினேன். எங்கள் தெருவில் சைக்கிள் ஏறிய முதல் பெண் நான். அந்த மேட்டுநிலத்தில் சேலை கட்டிச் சைக்கிள் ஓட்டிய முதல் பெண்ணும் நானாகவே இருக்க வேண்டும். மறுப்பவர்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதலாம்.

வேடிக்கை பார்க்க நான் போகவில்லை. என் அக்கா அஞ்சலையைப் பினாங்குக்கு அழைத்து வரப் போனேன்.

என் அப்பா துறைமுகத்தில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். இப்போது தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. நான்கு வருஷங்களுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழ் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அது அச்சாகி வந்தபோது, வரவை எதிர்பார்ப்பவர்கள் வரிசையில் அப்பா பெயர் இருந்தது, என் பெயர் "ஆசிரியை" என்ற பட்டத்தோடு இருந்தது, மூத்த மாப்பிள்ளை முனியாண்டியின் பெயர் இல்லை. வீட்டு மாப்பிள்ளை பெயரில்லாத அழைப்பிதழ் எப்படிப்பட்ட அவமானம் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தான் கல்யாணத்துக்கு வரவில்லை. அக்காளையும் அனுப்பவில்லை. அன்றிலிருந்து அக்கா பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு இரண்டு வயதாகிறது. அம்மா இன்னும் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அச்சாபீஸ்காரர் விட்டுவிட்டார் என்று வீட்டில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அம்மா அந்த அச்சாபீஸ்காரரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் அங்கே போகாதீர்கள் என்று தடுத்தும் வந்தாள். அது உண்மையில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அட்டையில் ஒரு வரி அதிகமாகிறது, ஒன்றை எடுக்க வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டார். நான் அத்தான் வரியை எடுத்தேன்.

இப்போது அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தொட்டிலில் இட்டுக் காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. நானும் அத்தைதான். ஆனால் மூத்தவள் இருக்க இளையவள் கைவைக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அப்பா என்னோடு கப்பலேறி மேடான் வரை வந்தார். அங்கே தம் சிநேகிதர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "நான் வந்தா மாப்பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டிட்டு மனசுல வெச்சுக்குவார். அழைப்பிதழ் எழுதினவ நீ. நீயே போய்க் கூப்பிடு," என்றார்.

பஸ் மலையேறிய கதையை விரிவாகச் சொல்லமாட்டேன். வளைவுகளை எண்ணத் தொடங்கினேன்; நாற்பதுக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர் மடியில் வாத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். வாத்தும் தூங்கியது.

அக்கா இருக்கும் ஊர் கபன்ஜாஹே. பெயரைக் கேட்டால் பெரிய பட்டணம் போலிருக்கும். ஒரு சந்தை, ஒரு டச்சுக்கார ஆபீஸ், சில கடைகள், அவ்வளவுதான். அத்தான் அங்கே ரோட்டு வேலை மண்டோர். மலைச்சாலைகளில் மண் சரிந்தாலும் பாலம் உடைந்தாலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செப்பனிடுவது அவர் வேலை. நான் இறங்கியபோது சாயங்காலம். அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், விடவேயில்லை. குளிருக்குச் சேலைமேல் ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். அவள் கன்னம் வெள்ளைக்காரிச்சி கன்னம் போலச் சிவந்திருந்தது.

அத்தான் வாசலில் நின்று, "வாங்க டீச்சரம்மா," என்றார். அவ்வளவுதான். நான் வெற்றிலை பாக்கை எடுக்கப் பையைத் திறப்பதற்குள், மழை வரும்போல இருக்கிறது, பாலம் பார்க்க வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. வெற்றிலை வைத்து அழைத்தால் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வீடு தேடி வந்தவளின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்பது மரியாதையில்லை. அதனால் முகத்தையே காட்டாமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அக்கா கையில் கொடுத்துவிட்டு வருவதும் அழைப்பாகாது. அவர் கையில் கொடுக்க வேண்டும்.

மறுநாள் விடிந்தபோதும் அவர் இல்லை; ராத்திரி வேலைக் கொட்டகையிலேயே தங்கிவிட்டார், அடுத்த ராத்திரியும் அப்படியே. லிங்கா பக்கம் போயிருப்பதாக அக்கா சொன்னாள். நான் சந்தைக்குப் போய்ச் சீனர் கடையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். நடுவில் தண்டு வளைந்து தாழ்ந்த, பெண்களுக்கான டச்சுச் சைக்கிள். கடைக்காரர் மலாயில் ஏதோ விளக்கினார். பினாங்கில் பாலிக் புலாவ் மலைச்சாலையில் ஏறி இறங்கியவளுக்குச் சைக்கிள் கற்றுத் தருகிறாரா என்று நினைத்து, எல்லாம் தெரியும் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்றம் பினாங்கு ஏற்றம்போல முகத்தில் அடிக்காது. மெல்ல மெல்ல இழுக்கும். சமதரை என்று நினைத்து மிதிப்போம். நெஞ்சு மட்டும் ஏற்றம் என்று சொல்லும். இரு பக்கமும் கறுத்த மண். எரிமலை கக்கிய சாம்பல் மண் என்கிறார்கள். விரலால் தோண்டினால் மாவுபோல விழுகிறது. அதில் கோசு ஒவ்வொன்றும் தலையணை அளவு கிடக்கிறது. கரோ இனத்துப் பெண்கள் தலையில் துணியை மெத்தைபோல மடித்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கூடை வைத்து வரிசையாக நடக்கிறார்கள். அவர்கள் காதில் தொங்கும் வெள்ளி வளையத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பாம்படம் சின்னப் பிள்ளை நகை. பாரம் தாங்க அதன் ஒரு பக்கத்தைத் தலைத்துணியோடு மாட்டியிருக்கிறார்கள்.

லிங்காவுக்கு முன்னால் ஓர் இறக்கம். நிறுத்தலாம் என்று கைப்பிடியில் பிரேக்கைத் தேடினேன். பிரேக் இல்லை. அந்தச் சைக்கிளில் மிதியைப் பின்னோக்கி மிதித்தால்தான் சக்கரம் நிற்கும். சீனர் சொன்னது அதைத்தான். பயத்தில் என் கால் தானாகப் பின்னோக்கிப் போனது. சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. உருளைக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்த நிலையில் என்னைக் கண்டேன். நல்ல மண் என்று மறுபடியும் சொல்கிறேன். ஒரு சிராய்ப்பும் இல்லை.

லிங்கா ஒரு காலத்தில் கோட்டை ஊர். சுற்றிலும் மண்மேடு, அதன்மேல் முள்மூங்கில். உள்ளே தூண்களின்மேல் நிற்கும் பெரிய பெரிய வீடுகள், கூரை முனையில் எருமைக் கொம்புகள். ஒரே வீட்டில் எட்டுக் குடும்பம் இருக்கிறது. நடுவில் சுவர் கிடையாது. எங்கள் தெருவில் சுவர் வைத்தே இரண்டு குடும்பம் ஒத்துப்போவதில்லை. அத்தான் எங்கே என்று விசாரித்தேன். இப்போதுதான் மேற்குப் பாதையில் போனார் என்று ஒருவர் கை காட்டினார். மேற்குப் பாதையில் சைக்கிள் சக்கரத்தடம் இருந்தது, அத்தான் இல்லை.

இரண்டாம் நாள் அவர் பெராஸ்தாகி பக்கம். அங்கேதான் புகைகிற மலை இருக்கிறது. சிபாயாக் என்று பெயர். சாலை அதன் அடிவாரத்தைச் சுற்றிப் போகிறது. காற்று திரும்பினால் தீபாவளி மறுநாள் தெருவில் வருமே, அந்தக் கந்தக வாசனை. ஓர் ஓடையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. கை வைத்துப் பார்த்தேன். வெந்நீர் போட விறகு வேண்டாத ஊர்.

ஏற்றத்தின் முடிவில் ஒரு காப்பிக் கடை. அரிசிமாவில் தேங்காயும் வெல்லமும் வைத்து இலையில் சுற்றி அவித்த பலகாரம் தந்தார்கள். சிம்பா என்றார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா செய்யும் கொழுக்கட்டையேதான். பிள்ளையார் மட்டும் இல்லை. நான் நான்கு தின்றேன். கடையிலிருந்த கரோப் பெண்கள் என் சேலையைத் தொட்டுப் பார்த்துக் கடைக்காரரிடம் மலாயில் பேசினார்கள்.

"இவள் புருஷனைத் தேடி ஓடுகிறாளா, புருஷனிடமிருந்து ஓடுகிறாளா?" என்றாள் ஒருத்தி.

எனக்கும் மலாய் தெரியும். "அக்காள் புருஷனைத் தேடி," என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. சொன்ன பிறகுதான் அதன் கோளாறு எனக்கு உறைத்தது. விளக்கப் போனேன், விளக்க விளக்கச் சிரிப்பு கூடியது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஐந்தாவது சிம்பாவைக் கொடுத்தாள்.

அங்கிருந்து இறங்கும்போது எதிரே ரோட்டு வேலை லாரி ஏறி வந்தது. முன்னால் அத்தான் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டார். தொப்பியை எடுத்து மரியாதையாக ஒரு வணக்கம் போட்டார். லாரி நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா ரசம் வைத்தாள். குழந்தை பூங்கொடி என் மடியில் இருந்தாள். நாளைக்கு அவர் பூர்பா பக்கம் போகிறார், மதகு வேலை, திரும்ப மூன்று நாளாகும் என்று அக்கா சொன்னாள். எங்கள் கப்பல் அதற்குள் போய்விடும். "நீ கிளம்பு தங்கச்சி. அவர் மனசு இளகாது. அச்சாபீஸ்காரன் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றாள். ரசத்தை அப்படியே கீழே வைத்தேன். காரம் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் நான் காய்கறி லாரி ஒன்றில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு பாதி வழி போனேன். லாரி இறக்கிவிட்ட இடத்தில் நிலம் திடீரென்று முடிந்துபோகிறது. கீழே, மிகக் கீழே, தோபா ஏரி. ஒரு மலையே வெடித்து உண்டான பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து ஏரியானதாம். பினாங்கை அதில் போட்டால் காணாமல் போகும் என்று லாரிக்காரர் பெருமையாகச் சொன்னார். பினாங்கை யார் போடவிடுவார்கள் என்று கேட்டேன்.

பிறகு சைக்கிள். வழியில் சாலையோரத் தூரக் கற்கள் தொடங்கின. நம் ஊரில் மைலுக்கு ஒரு கட்டை என்று கணக்குப் பார்த்தே எனக்குப் பழக்கம். ஒரு கட்டை, இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று கற்கள் பறந்து பின்னால் போயின. மூன்றே நாளில் என் கால்கள் இவ்வளவு தேறிவிட்டனவா என்று எனக்கே வியப்பு. ஒரு மேட்டில் நின்று, எதிரே வந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் இந்த வேகத்தைச் சொன்னேன். அவர் பணிவாக, இது டச்சுக் கணக்கு, உங்கள் ஒரு மைலுக்குள் எங்கள் கல் ஒன்றரைக்கு மேல் அடங்கும் என்றார். நானும் ஆசிரியை என்பதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குப் பூர்பா தெரிந்தது. அங்கே ஒரு ராஜாவின் கோட்டை இருக்கிறது. கல்லால் கட்டியதல்ல, மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டியது. குன்றின் விளிம்பில் நீளமான கறுத்த கூரைகள். கோட்டைக்குக் கீழே சாலையோர மதகில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, அத்தான் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவருக்கு ஓட இடமில்லை. ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் நான்.

"இம்புட்டுத் தூரமா?" என்றார்.

சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, கப்பலிலேயே தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். அத்தான், அந்த அச்சாபீஸ்காரர் கவனக்குறைவாக என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பவே உங்கப்பா எழுதச் சொன்ன கடுதாசியில வந்திருச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுலா, ஆனா கேக்கத் தெரியும்." சேற்றிலிருந்து ஏறி வந்து கல்லின்மேல் உட்கார்ந்தார். "அந்தப் பத்திரிகை வந்தன்னிக்கு நான் மேடான்ல இருந்தேன். காப்பிக் கடையில பத்துப் பேரைக் கூட்டி வெச்சு, மச்சான் கல்யாணம், வாசிங்கடான்னேன். ஒருத்தன் சத்தமா வாசிச்சான். என் பேர் எப்ப வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம். முடிஞ்சிருச்சுன்னான். திருப்பி வாசின்னேன். திருப்பியும் முடிஞ்சிருச்சு."

கீழே வேலை செய்தவர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தமிழ் புரியாது, ஆனால் குரல் புரிந்திருக்கும்.

"அச்சுக்காரன் தப்புப் பண்ணினா ஒரு எழுத்து விழும். முழு ஆள் விழமாட்டான், டீச்சரம்மா," என்றார்.

நான் எந்த மேடையிலும் தடுமாறாதவள். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தபோதுகூடக் குரல் நடுங்காதவள். அன்றும் நடுங்கவில்லை என்றே எழுத ஆசை. "நான்தான் எடுத்தேன்," என்றேன். "ஒரு வரிக்கு இடமில்லைன்னார். என் பேரை எடுத்திருக்கலாம். எடுக்கலை. எங்க வீட்டுல யார் பேரும் அதுவரைக்கும் அச்சுல வந்ததில்லை. என் பேர் வரணும்னு இருந்துச்சு. அத்தான் எங்கோ மேடான்ல இருக்கார், தெரியவா போகுதுன்னு நெனச்சேன்."

அவர் எழுந்து போய் மதகுக்குள் குனிந்து பார்த்தார். ஒருவனிடம் கல்லை இப்படி வை என்று காட்டினார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு, "இம்புட்டுத் தூரம் வந்துட்டே. கோட்டையைப் பாத்துட்டுப் போ," என்றார்.

கோட்டைக்குள் போகும் வழி மண்ணைக் குடைந்த ஒரு சுரங்கம். இருட்டில் அவர் முன்னால் போனார், நான் பின்னால். வெளியே வந்தால் வெயில், நெல் குத்தும் சத்தம், கோழிகள். ராஜாவின் நீண்ட வீட்டில் ராணிகளுக்கு ஆளுக்கொரு அடுப்பு. எந்த அடுப்பில் எந்த ராணி என்று அத்தான் ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த வீட்டுக் கூரையின் கீழ் ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் கயிற்றுக் கட்டும் மரப் பொருத்தும்தான் என்றார். வேலை தெரிந்தவர் வேலையைப் பார்க்கும் பார்வையோடு தூண்களைத் தட்டிப் பார்த்தார்.

அங்கே தூண் நிழலில் உட்கார்ந்தபோது பதில் சொன்னார்.

"அஞ்சலையையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ. நான் விசேஷத்தன்னிக்கு வந்து சேருவேன். ஆனா ஒண்ணு. மழையில ரோடு சரிஞ்சா மண்டோர் சரியில்லேம்பான் டச்சுக்காரன். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த அச்சாபீஸ்காரர்கிட்டப் போயி, உங்கம்மாவையும் கூட வெச்சுக்கிட்டு, இப்ப எங்கிட்ட சொன்னதைச் சொல்லணும்."

சரி என்றேன். பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தேன். வெயிலில் வாடியிருந்தது. அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாடின வெற்றிலைக்கும் மரியாதை உண்டு என்று அன்று பார்த்தேன்.

மதகு வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு அத்தானும் ஏறிக்கொள்ள, வேலை லாரி ஒன்று எங்களை இரவுக்குள் கபன்ஜாஹே சேர்த்தது. நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று முந்திக்கொண்டு உள்ளே போனேன். சொல்லும்போது மற்றதையும் சொல்லவேண்டியிருந்தது. அக்கா பூங்கொடிக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தாள்.

"நாலு வருஷம், ருக்மணி," என்றாள். "இவ பொறந்தப்ப நான் அம்மா, அம்மான்னு கத்தினேன். பக்கத்துல ஒரு கரோப் பொம்பளைதான் இருந்தா." பிறகு அடுத்த கவளத்தை உருட்டினாள்.

மறுநாள் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. மேடானில் அப்பாவைக் கண்டதும் அவர் காலில் விழுந்தாள். பேத்தியை அவர் கையில் வைத்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துறைமுகத்துக்குப் போன ரயிலிலும் அவர்கள் இருவரும் ஒரு பலகையில். நான் எதிர்ப் பலகையில் மூட்டைகளோடு.

கப்பல் சாயங்காலம் பெலாவான் துறைமுகத்தை விட்டது. மேல்தட்டில் அப்பாவும் பூங்கொடியும் பாயில் உறங்கிப்போனார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். போ என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?"

சொன்னேன். பெண் வீட்டார் வந்தது, மழை வந்தது, பந்தலில் தண்ணீர் தேங்கியது. "அப்புறம்?" என்றாள். சித்தப்பா இறந்ததைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது, அழுதாள். அடுத்த வீட்டுக்காரர்கள் பாகான் டாலாமுக்குக் குடிபோனதைச் சொன்னேன். எந்த மாதம் என்று கேட்டாள். ஆடியா ஆவணியா என்று எனக்கு நினைவில்லை. யோசித்துச் சொல்லு என்றாள். அம்மாவுக்குப் பல் விழுந்தது, எங்கள் மாடு கன்று போட்டது, அண்ணன் மீசை வைத்தது, எடுத்தது. ஒன்றை நான் சுருக்கினால் கண்டுபிடித்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். வகுப்பில் என் பிள்ளைகள்கூட என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

காலையில் பினாங்கு மலை கண்ணில் பட்டபோது அந்த நாலு வருஷத்தில் நாங்கள் இன்னும் இரண்டாவதில்தான் இருந்தோம்.